ஒரு கேன் பெட்ரோலில் எவ்வளவு தண்ணீர்?

கடலூர் முதுநகருக்கு அருகே ஆறு கடலோடு சேரும் வாயில் அலை ஓயாமல் உடைந்துகொண்டே இருக்கும். ஆறு கொண்டுவரும் மணலும் கடல் ஒதுக்கும் மணலும் அங்கே மேடு கட்டுகின்றன. ஆழம் குறைந்த அந்த இடத்தில் அலை எழும்பி அடிக்கிறது. தாழங்குடாவில் பெண்ணையாற்று வாயும், பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் அன்னங்கோயிலில் வெள்ளாறு கலக்கும் இடமும் இப்படித்தான். ஒரு சிறிய ஃபைபர் படகு இந்த இடத்தைத் தாண்டச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அந்தச் சில நிமிடங்களும் மோட்டார் விடாமல் ஓடியாக வேண்டும். நின்றுவிட்டால் படகின் முகம் திரும்பும். அடுத்த அலை விலாவில் அடித்துக் கவிழ்த்துவிடும்.

எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தால், மோட்டார் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். இதைக் கெட்ட நேரம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஆற்றுக்குள் மெதுவாகப் போகும்வரை தொட்டியின் அடியில் கிடக்கும் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. முகத்துவாரத்தில் படகு குதிக்கத் தொடங்கியதும் அது கலங்கித் துளித்துளியாக எரிபொருளுக்குள் ஏறுகிறது. முழு வேகம் கொடுத்திருப்பதால் அதே நேரத்தில் குழாயும் மிக வேகமாக உறிஞ்சுகிறது. எங்கே நிற்கக் கூடாதோ அங்கே நிற்பதற்கான எல்லா ஏற்பாடும் கரையிலேயே, கேனில் எண்ணெய் ஊற்றும்போதே முடிந்துவிட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்பு இந்தக் கரையில் கட்டுமரங்கள் நிறைய. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் தொடங்கித் தெற்கே கிள்ளை, முடசலோடை, எம்.ஜி.ஆர். திட்டு வரை அன்று உயிரும் உடைமையும் போயின. மறுவாழ்வு உதவியாக வந்தவற்றில் பெரும்பங்கு ஃபைபர் படகுகள். கட்டுமரத்துக்குத் துடுப்பும் பாயும் போதுமாக இருந்தது. ஃபைபர் படகுக்கு இன்ஜின் வேண்டும். சிலர் நீளத் தண்டு வைத்த டீசல் இன்ஜின் போட்டார்கள். சிலர் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் வாங்கினார்கள். அவுட்போர்டில் பெட்ரோலில் ஓடுவதும் உண்டு, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும் உண்டு. ஒரு தலைமுறைக்குள் கரையோர வீடுகளின் திண்ணைகளில் எரிபொருள் கேன்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. காற்றையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கேனுக்குள் நடப்பதைப் படிக்க யாரும் கற்றுத் தரவில்லை. இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

முதலில் எடைக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 740 கிராம். மண்ணெண்ணெய் 800 கிராம் அளவில், டீசல் 830 கிராம் அளவில் இருக்கும். நல்ல தண்ணீர் 1,000 கிராம், கடல் தண்ணீர் 1,025 கிராம். ஆகவே மூன்று எண்ணெயிலும் தண்ணீர் அடியில்தான் போய்ச் சேரும். ‘கேனை ஆட்டாமல் ராத்திரி முழுக்க வை, காலையில் மேலாக ஊற்று’ என்று பெரியவர்கள் சொல்வது சரியான அறிவுரை. எவ்வளவு நேரம் வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொன்னவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். அயர்லாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர். ஒரு திரவத்துக்குள் சிறு உருண்டை என்ன வேகத்தில் கீழே இறங்கும் என்பதற்கான சூத்திரத்தை 1851-இல் அவர் வெளியிட்டார். அந்த வேகம் இரண்டு திரவங்களின் அடர்த்தி வேறுபாட்டையும், திரவத்தின் கொழகொழப்பையும், எல்லாவற்றுக்கும் மேலாக உருண்டையின் அளவையும் பொறுத்தது. துளியின் குறுக்களவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அது இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும்.

இந்தச் சூத்திரத்தில் நம் கேனைப் போட்டுப் பார்க்கலாம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள தண்ணீர்த் துளி, எத்தனால் கலக்காத பெட்ரோலில் நொடிக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இறங்கும். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள கேனில் இரண்டு நிமிடத்துக்குள் அடியைத் தொட்டுவிடும். துளி அதிலும் பத்தில் ஒரு பங்காக இருந்தால் அதே தூரத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். டீசல் இன்னும் கொழகொழப்பானது. அடர்த்தி வேறுபாடும் குறைவு. அங்கே அந்தச் சிறு துளி இறங்க உத்தேசமாக 27 மணி நேரம் வேண்டும். ஒரு ராத்திரி பெட்ரோலுக்குப் போதும், டீசலுக்குப் போதாது. மண்ணெண்ணெய் இரண்டுக்கும் நடுவில். மோட்டார் சைக்கிளில் வைத்துக் குலுக்கிக் கொண்டுவந்த கேனை அப்படியே படகுத் தொட்டியில் கவிழ்ப்பதைவிட மோசமான பழக்கம் இல்லை. பெரிய துளிகளையெல்லாம் சிறு துளிகளாக உடைத்து, அவை இறங்க வேண்டிய நேரத்தை நாமே நூறு மடங்கு கூட்டிவிடுகிறோம்.

தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டால், ‘ராத்திரிப் பனியில் தொட்டிக்குள் வேர்த்துவிட்டது’ என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் காரணம் மிகவும் சிறியது. கணக்கிட்டுப் பார்க்கலாம். இழுவைப்படகு ஒன்றின் தொட்டியில் 1,000 லிட்டர் அளவுக்குக் காலியிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பகலில் 30 டிகிரி, இரவில் 22 டிகிரி. குளிர்ந்த காற்று சுருங்குவதால் வெளியிலிருந்து ஓர் இரவில் உள்ளே நுழையும் காற்று 26 லிட்டர்தான். ஈரம் மிகுந்த கடற்கரைக் காற்றிலும் ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீராவிக்கு மேல் இராது. அப்படியானால் ஓர் இரவுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுக்கச் சேர்த்தாலும் அரை டம்ளர்கூட வராது. 20 லிட்டர் கேனிலோ அது சில துளிகள்தான். அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று தண்ணீர் வடிகிறதென்றால் அது பனியால் வந்தது அல்ல. மழையில் நனைந்த புனல், திருகு தேய்ந்த மூடி, திறந்தே விட்ட காற்றுத் திருகு, அலை தெறித்த தொட்டி வாய், தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிடாத கேன், வெள்ளம் புகுந்த பங்க்கின் நிலத்தடித் தொட்டி என்று தேட வேண்டிய இடங்கள் இவைதாம். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் கரையேறியதும், 2015 கடைசியில் வெள்ளம் சூழ்ந்ததும் இந்த மாவட்டத்தில்தான். அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு வாங்கும் முதல் கேன் எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்காமல் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

உள்ளே போன தண்ணீர் மோட்டாரை எப்படி நிறுத்துகிறது? கார்ப்பரேட்டரின் அடியில் சிறு கிண்ணம். அதன் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவிலான துளையோடு ஜெட். தொட்டியில் அடிக்குப் போகும் தண்ணீர் இந்தக் கிண்ணத்திலும் அடிக்குத்தான் போகும். ஜெட் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பெட்ரோலை ஆவியாக்க ஒரு கிலோவுக்கு 350 கிலோஜூல் வெப்பம் போதும். தண்ணீருக்கு 2,260 கிலோஜூல் வேண்டும். எரிய வேண்டிய இடத்தில் ஒரு துளி தண்ணீர் போனால், தான் எரியாததோடு அங்கிருக்கும் வெப்பத்தையும் தின்றுவிடுகிறது. பிளக் நனைகிறது, மோட்டார் இருமுகிறது, நிற்கிறது. கடல் தண்ணீராக இருந்தால் சேதம் அன்றோடு தீராது. ஒரு மில்லி கடல் தண்ணீர் வற்றினால் 35 மில்லிகிராம் உப்பு தங்கும். ஜெட்டை அடைக்க அது தாராளம். அலுமினியக் கிண்ணத்தில் வெள்ளை மாவு போலப் பூத்திருப்பதைக் கண்டால் உப்பும் ஈரமும் அங்கே நெடுநாள் குடியிருந்திருக்கின்றன என்று பொருள்.

இதுவரை சொன்னவை நம் தாத்தா காலத்துக்கும் பொருந்தும். இனிச் சொல்வது புதிது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை தொடங்கி வைக்கப்பட்டது. 2030-க்கு என்று முதலில் வைத்த இலக்கு முன்கூட்டியே 2025-க்குக் கொண்டுவரப்பட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வரும் எத்தனாலுக்கு இருக்கும் நியாயங்களை இங்கே விவாதிக்கப் போவதில்லை. சாலையில் ஓடும் வண்டிக்கும் கடலில் ஓடும் படகுக்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு உண்டு: படகைச் சுற்றிலும் தண்ணீர்.

எத்தனால், அதாவது சாராயம், கல்யாணத் தரகரைப் போன்றது. பெட்ரோலுக்கும் வேண்டியது, தண்ணீருக்கும் வேண்டியது. எத்தனால் கலக்காத பெட்ரோல் 10 லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லி தண்ணீரைத்தான் கரைத்துக்கொள்ளும். மிச்சம் அடியில் பளிச்சென்று தெரியும். 10 விழுக்காடு எத்தனால் இருந்தால் அதே 10 லிட்டர் சுமார் 50 மில்லி தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாமல் விழுங்கிக்கொள்ளும். 20 விழுக்காட்டில் இன்னும் அதிகம். இது நல்லதுதானே என்று தோன்றும். அந்த அளவு வரை நல்லதுதான். கொஞ்சம் ஈரத்தை மோட்டார் உணராமலே எரித்துவிடும். எல்லையைத் தாண்டிய கணத்தில் கதை மாறுகிறது. கூடுதலாக வந்த தண்ணீர் மட்டும் பிரிந்து போவதில்லை, எத்தனாலையும் கூட்டிக்கொண்டு போகிறது. 20 லிட்டர் கேனில் எத்தனால் 4 லிட்டர். அதில் பெரும்பகுதி தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனி அடுக்காகிவிடும். வெப்பம் குறையும்போது இந்த எல்லையும் கீழே இறங்கும். மாலையில் தெளிவாக இருந்த கேன் மார்கழி விடியலில் இரண்டாகப் பிரிந்து நிற்பது அதனால்தான்.

வீட்டு முற்றத்திலேயே இதைப் பார்த்துவிடலாம். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தெளிந்ததும் அடியில் 10 மில்லி இராது. 20 விழுக்காட்டுப் பெட்ரோலானால் 28 மில்லியை நெருங்கும். கூடியது அத்தனையும் மேலிருந்து இறங்கி வந்த எத்தனால். பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களுக்குத் தாங்களே செய்து காட்ட வேண்டிய சோதனை இது.

படகுக்காரருக்கு இதனால் வரும் கேடு இரண்டு. தொட்டியின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் மோட்டாருக்கு முதலில் போவது இந்த அடி அடுக்கு. நம் கரையில் இன்னும் ஏராளமாக ஓடும் டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு மசகு எண்ணெய் தனியாகக் கிடையாது; 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு என்பது போலப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவதுதான். பிரியும்போது அந்த ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். ஆயில் இல்லாத சாராயமும் தண்ணீரும் பிஸ்டனுக்குப் போகும். அது எரிந்தாலும் எரியாவிட்டாலும் உலோகம் உலோகத்தோடு உரசும். ‘சீஸ் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக் கைவிரிக்கும் மோட்டார்களில் சிலவற்றுக்குக் காரணம் ஆயில் ஊற்ற மறந்தது அல்ல, ஊற்றிய ஆயில் போய்ச் சேராதது.

இரண்டாவது கேடு, பழைய அறிவுரை இங்கே தவறாகிவிடுவது. மண்ணெண்ணெயிலும் டீசலிலும் அடியில் நின்ற தண்ணீரை வடித்துவிட்டால் மேலே இருப்பது பழைய எண்ணெயேதான், வடிகட்டி ஓட்டலாம். எத்தனால் பெட்ரோலில் அடியை வடித்துவிட்டால் மேலே மிஞ்சுவது நாம் வாங்கிய பெட்ரோல் அல்ல. ஆக்டேன் எண்ணை உயர்த்தி வைத்திருந்ததே அந்த எத்தனால்தான். அது போனபின் முழுச் சுமையில் மோட்டாருக்குள் தட்டல் கேட்கும், பிஸ்டன் தலை கெடும். பிரிந்த பெட்ரோலைப் பிழைக்க வைக்க வழியில்லை. கேன் முழுவதையும் ஒதுக்கத்தான் வேண்டும். ஒரு நாள் வருமானத்தைக் கொட்டுவது போல வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஒதுக்குங்கள்.

பங்க்கில் அளவுக்கோலில் பசை தடவித் தொட்டியின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் அல்லவா, அந்தப் பசையிலும் எத்தனால் பெட்ரோலுக்கென்று தனி வகை வேண்டும். பழைய வகை, சாராயம் கலந்த அடுக்கைச் சரியாகக் காட்டாது. அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லவும், வடிதாள் சோதனை செய்து காட்டச் சொல்லவும் வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. துறைமுகப் பகுதிகளில் யாரும் கேட்டுப் பழகவில்லை. கேட்க வேண்டும்.

கடலில் மோட்டார் நின்றால் முதல் வேலை மோட்டாரில் இல்லை, நங்கூரத்தில் இருக்கிறது. அதைப் போட்டுப் படகை நிறுத்திவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். அடுத்து, எரிபொருள் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பம்ப்பைக் கையால் பாருங்கள். அது சப்பிப்போய் இருந்தால் தொட்டி மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது தொட்டிப் பக்கத்துக் குழாயும் வடிகட்டியும் அடைத்திருக்கின்றன. தண்ணீர் என்று நினைத்துக் கார்ப்பரேட்டரைக் கழற்றத் தொடங்கும் எத்தனையோ பேருக்குத் தேவைப்பட்டது அந்தத் திருகை அரைச் சுற்றுத் திருப்புவது மட்டும்தான். பம்ப் கல்லாக இருந்தால் அடைப்பு மோட்டார் பக்கம். பம்ப் சரியாக இருந்து, மோட்டார் கிளம்பிக் கிளம்பி இருமி நின்றால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். அப்போது குழாயை மாற்றுக் கேனுக்கு மாற்ற வேண்டும். மூடி இறுக்கிய, முந்தைய நாளே பார்த்து வைத்த, அந்த மோட்டாருக்கு வேண்டிய அளவில் ஆயில் கலந்த 5 லிட்டர் கேன் ஒன்று படகில் எப்போதும் இருக்க வேண்டும். இதைவிட மலிவான உயிர்க் காப்பு எனக்குத் தெரியாது. பிறகு கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் வடிதிருகைத் தளர்த்தி உள்ளே இருப்பதை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். பம்ப்பை அழுத்திச் சுத்தமான பெட்ரோல் வரும்வரை விட்டுவிட்டு, திருகை இறுக்கி, பிளக்கைத் துடைத்துக் கிளப்பலாம்.

பாட்டிலில் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது; படகின் அடிக்குழியில் இறங்கித் தங்கும். மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பொறிக்குப் பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலோ பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயே விடும். மண்ணெண்ணெயோடு பழகியவரின் கைப்பழக்கம் பெட்ரோலில் ஆபத்தாகிறது. பீடி, அடுப்பு, பேட்டரி வயர் எதுவும் அந்த நேரத்தில் பக்கத்தில் கூடாது.

டீசல் படகுகளின் துன்பம் வேறு மாதிரி. அங்கே தண்ணீர் எவ்வளவு என்பதைவிட, தண்ணீர் இருக்கிறதா என்பதே கேள்வி. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் மெல்லிய எல்லையில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. எண்ணெயை உணவாகவும் தண்ணீரை வீடாகவும் கொண்டவை. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பெயர் பெற்ற ஒன்று ஜெட் விமானங்களின் தொட்டிகளில் வளர்ந்து விமானப் பொறியாளர்களைத் திணறடித்திருக்கிறது. முன்பு சொன்ன, தடைக்காலத்தில் சேரும் அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போதாது. இந்த உயிர்களுக்கு அது ஏரி. இரண்டு மாதம் அசையாத தொட்டி, கோடை வெப்பம், அடியில் ஒரு படலம் தண்ணீர். ஜூன் நடுவில் கடலுக்குப் போன முதல் வாரத்திலேயே ஃபில்டரில் கறுப்புச் சளி அடைத்தால், அது ஏப்ரலில் வடிக்காமல் விட்ட தண்ணீரில் வளர்ந்தது. தடைக்காலத்தில் வலை பழுது பார்க்கவும் படகுக்குச் சாயம் அடிக்கவும் நேரம் ஒதுக்குகிறோம். தொட்டியின் அடித்திருகைத் திறந்து வடிக்க அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இனி ஒதுக்கிய எண்ணெயைப் பற்றி. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தின் வாய்க்கால்களில் மீன்பிடி படகும் சுற்றுலாப் படகும் ஓடுகின்றன. 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அலையாத்திக் காடு அது. வெண்கண்டல் மரங்கள் சேற்றுக்குமேல் நீட்டும் மூச்சு வேர்களின் நுண்துளைகள் வழியாகத்தான் அடிவேருக்குக் காற்று போகிறது. ஒரு லிட்டர் டீசல், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பில் பரவினால் 1,000 சதுர மீட்டரை மூடும். ஓதம் வடியும்போது அந்தப் படலம் வேர்களின்மேல் படிந்துவிடும். கடலில் அலை கலைத்துவிடும். வாய்க்காலில் கலைக்க யாருமில்லை. சுனாமி அன்று இந்த மாவட்டத்தில் மரங்கள் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைந்திருந்ததை 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு பதிவு செய்தது.

அதனால் கெட்ட எண்ணெயை வாய்க்காலில் கொட்டாதீர்கள். மூடியிட்ட கேனில் கரைக்குக் கொண்டுவாருங்கள். டீசலும் மண்ணெண்ணெயும் தெளியவைத்து வடிகட்டினால் மீண்டும் உதவும். பிரிந்துபோன பெட்ரோலைக் கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுங்கள். கடலூர் துறைமுகத்திலும், அன்னங்கோயிலிலும், முடசலோடையிலும் கெட்ட எண்ணெயை ஊற்ற இடத்துக்கொரு பேரலும், பெட்ரோலைச் சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயும் வைக்க மீன்வளத் துறை முன்வர வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.